மேல்மலைப் பிள்ளைக்கு எந்தப் பள்ளி?

(கொடைக்கானலில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பதைப் பெற்றோர் முடிவு செய்வதா, அரசு முடிவு செய்வதா என்ற கேள்வியை இன்றைய பேச்சுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். பழைய கேள்விதான். 1948 இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்றுக்கொண்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 26 ஆம் பிரிவு, பிள்ளைக்கு எவ்வகைக் கல்வி தருவது என்பதில் பெற்றோருக்கே முன்னுரிமை என்று சொல்லிவிட்டது. அதை நான் மறுக்க வரவில்லை. அந்த உரிமையை வைத்துக்கொண்டு மேல்மலை மன்னவனூரில் இருக்கும் ஒரு தாய் என்ன செய்வார் என்றுதான் கேட்கிறேன். கவுஞ்சியிலும் கிளாவரையிலும் கூக்காலிலும் இருக்கும் பெற்றோர் எந்தெந்தப் பள்ளிகளை ஒப்பிட்டுப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள்? தேர்வு என்று சொன்னால் எதிரே இரண்டாவது இருக்க வேண்டும். முதலாவதே ஒழுங்காக இருக்கிறதா என்பது அதற்கும் முந்திய கேள்வி.

நாம் உட்கார்ந்திருக்கும் இந்த ஊர், பெற்றோர் தங்கள் பிள்ளைகளுக்காகத் தேடித் தேடிப் பள்ளி அமைத்துக்கொண்ட ஊர். மதுரையில் தங்கியிருந்த அமெரிக்க மிஷன் குடும்பங்கள் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் பிள்ளைகளைப் பறிகொடுத்தன. முதலில் சிறுமலையில் தங்கிப் பார்த்தார்கள். அங்கும் காய்ச்சல் விடவில்லை. பழனி மலையின் உச்சிக்கு ஏறி வந்து, 1845 இல் 'சன்னிசைடு', 'ஷெல்டன்' என்ற இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். கொடைக்கானல் என்ற மலைநகரம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. உயிர் பிழைத்தாயிற்று, படிப்புக்கு என்ன செய்வது? பள்ளி வயது வந்ததும் பிள்ளைகளைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்புவதே வழக்கமாக இருந்தது. அனுப்பிய தாய் ஆண்டுக்கணக்கில் பிள்ளை முகத்தைப் பார்க்க முடியாது. அந்தப் பிரிவைத் தாங்க மாட்டாமல் எழுந்ததுதான் 1901 இல் ஹைகிளர்க் இல்லத்தில் திறக்கப்பட்ட பள்ளி. மார்கரெட் எடி அதன் முதல் தலைமையாசிரியை. அதுவே பின்னர் கொடைக்கானல் பள்ளியாகி, 1970களில் கொடைக்கானல் சர்வதேசப் பள்ளியாயிற்று. சர்வதேசப் பட்டயப் பாடத்திட்டத்தை இந்தியாவில் முதன்முதலாக, 1976 இல், நடத்தத் தொடங்கிய பள்ளி இந்த மலையில்தான் இருக்கிறது.

அந்தப் பெற்றோரை நான் குறை சொல்லவில்லை. பிள்ளை மேல் உள்ள பாசம் எந்த நாட்டுக்காரருக்கும் ஒன்றுதான். அவர்களால் அது எப்படி முடிந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்கிறேன். அவர்களுக்குப் பின்னால் ஒரு மிஷன் வாரியம் இருந்தது. நிலம் கிடைத்தது. பணம் வந்தது. வாகனச் சாலை வருவதற்கு முன்பு, அம்மையநாயக்கனூரில் ரயிலை விட்டிறங்கி, பெரியகுளம் பக்கத்துக் கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து நாற்காலியிலும் டோலியிலும் வைத்துத் தூக்கிவரும் தோள்கள் இருந்தன. கூலிகள் ஏறியதாலேயே அந்தப் பாதைக்குக் 'கூலி காட்' என்று பெயர். தூக்கி வந்தவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு 1901 இல் பள்ளி திறக்கவில்லை. அவர்களுக்குப் பள்ளி வேண்டுமென்றால் யாரோ ஒருவர் அதைக் கடமையாக எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அரசின் வேலை அந்த இடத்தில் தொடங்குகிறது என்பது என் கருத்து.

நம் நாட்டில் அரசு இந்த வேலையில் நேரடியாக இறங்கத் தயங்கியே நின்றது. 1854 இல் வந்த சார்லஸ் உட்டின் கல்வி அறிக்கை, பள்ளியைத் தனியார் நடத்தட்டும், அரசு மானியம் தரட்டும் என்று வழி காட்டியது. உதவி பெறும் பள்ளிகள் என்று இன்று நாம் சொல்கிற ஏற்பாட்டின் வேர் அது. தமிழ்நாட்டில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் இன்றும் அவ்வாறு நடக்கின்றன. ஆசிரியர் சம்பளம் அரசுடையது, நிர்வாகம் வேறொருவருடையது, பெற்றோருக்குக் கட்டணச் சுமை இல்லை. தேர்வு உரிமை பற்றிப் பேசுகிறவர்கள் அதிகம் கவனிக்காத நல்ல ஏற்பாடு இது. ஆனால் 1991-92 க்குப் பிறகு தொடங்கிய பள்ளிகளுக்கு மானியம் கிடையாது என்று சட்டத் திருத்தம் வந்தது. அந்தக் கதவு மூடியதோடு, கட்டணப் பள்ளி ஒரு பக்கம், அரசுப் பள்ளி மறுபக்கம் என்று வழி இரண்டாகப் பிரிந்தது.

இனி தேர்வு உரிமை பற்றிய பெரிய வாதத்துக்கு வருகிறேன். 1955 இல் அமெரிக்கப் பொருளியலாளர் மில்டன் ஃபிரீட்மன், கல்வியில் அரசின் பங்கு பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கல்விக்கு அரசு பணம் தரலாம், ஆனால் பள்ளியை அரசே நடத்த வேண்டியதில்லை என்பது அதன் சாரம். பணத்தைப் பள்ளிக்குத் தராமல், ஒரு சீட்டாகப் பெற்றோர் கையில் கொடுங்கள், அவர்கள் விரும்பிய பள்ளியில் அதைச் செலுத்தட்டும், பள்ளிகள் போட்டி போட்டுக்கொண்டு தரம் உயரும் என்றார். அதே ஆண்டில் அவர் இந்தியாவுக்கும் வந்து நம் அரசுக்கு ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அவருடைய ஆதரவாளர்களும் எதிராளிகளும் அந்தக் கல்விக் கட்டுரையில் தாண்டிப் போகிற ஓரிடம் உண்டு. சிற்றூர்களில் ஒரு பள்ளிக்கு மேல் தாங்காது, அங்கே போட்டி பெற்றோரைக் காப்பாற்றாது என்ற எதிர்வாதத்தை அவரே எடுத்துச் சொல்லி, அதில் நியாயம் உண்டு என்று ஒப்புக்கொள்கிறார். பிறகு, போக்குவரத்து வளர்ந்துவிட்டது, மக்கள் நகரங்களில் கூடிவிட்டார்கள், அதனால் இந்த வாதத்தின் வலு குறைந்துவிட்டது என்று தாண்டிப் போகிறார்.

நண்பர்களே, போட்டிக் கொள்கை முழுவதும் அந்தப் போக்குவரத்தின் மேல்தான் நிற்கிறது. சிகாகோவில் உட்கார்ந்து பார்த்தவருக்கு அது சிறு குறிப்பு. பழனி மலைக்கு அதுதான் முழுப் பாடம். வட்டக்கானலிலிருந்து செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் இறங்கிப் போகிற வெள்ளகவி நெடுங்காலம் வண்டிச் சாலை இல்லாமலே வாழ்ந்த ஊர். நோயாளியைக் கட்டிலில் கட்டித் தூக்கி வந்த ஊர்க்காரரிடம் ஒரு கல்விச் சீட்டைக் கொடுத்தால் அதை எந்தப் பள்ளியில் செலுத்துவார்?

சீட்டு முறையை நம் பக்கத்திலேயே சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஆந்திரப் பிரதேசத்தின் ஐந்து மாவட்டங்களில் 180 கிராமங்களை எடுத்து, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் குலுக்கல் முறையில் தனியார் பள்ளிக்கான சீட்டு கொடுத்தார்கள். கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் 2015 இல் அதன் முடிவுகளை வெளியிட்டார்கள். நான்கு ஆண்டுகள் கழித்தும் தெலுங்கிலும் கணக்கிலும் சீட்டு பெற்ற பிள்ளைகள் மற்றவர்களைவிட முன்னேறவில்லை, இந்தியில் மட்டும் முன்னேறியிருந்தார்கள். அதே சமயம், தனியார் பள்ளி ஒரு பிள்ளைக்குச் செய்த செலவு அரசுப் பள்ளியின் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அரசுப் பள்ளியை ஆதரிக்கிற நாம் முதல் செய்தியை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதை ஒளிப்பது நேர்மையாகாது. அந்தச் சிக்கனத்தில் பெரும்பகுதி, ஆசிரியருக்குக் கொடுத்த குறைந்த சம்பளத்திலிருந்து வந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இன்னொன்றும் உண்டு. தனியார் பள்ளி இருக்கிற கிராமங்களில்தான் அந்தச் சோதனை நடந்தது. இல்லாத கிராமங்களைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது.

நம் சட்டத்திலும் இந்த ஓட்டை இருக்கிறது. 2002 இல் அரசியல் சட்டத்தின் 86 ஆவது திருத்தம் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. 2009 இல் கல்வி உரிமைச் சட்டம் வந்து, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 12(1)(சி) பிரிவு, தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை நலிந்த பிரிவினரின் பிள்ளைகளுக்கு ஒதுக்கி, கட்டணத்தை அரசு ஈடு செய்ய வேண்டும் என்கிறது. ஏழைப் பெற்றோருக்குத் தேர்வு உரிமையைச் சட்டமாகவே எழுதிக் கொடுத்த பிரிவு இது. தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குக் கீழே இருக்கும் குடும்பங்கள் இதில் விண்ணப்பிக்கலாம். வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் அந்தப் பள்ளி இருக்க வேண்டும் என்பது கணக்கு.

ஒரு கிலோமீட்டர்! மன்னவனூரிலிருந்து கொடைக்கானல் சுமார் 35 கிலோமீட்டர். பூண்டைப் பயிரிட்டு, 2019 இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கித் தந்த ஊர்கள் இவை. அந்த வயலில் களையெடுக்கும் தாய்க்கு இந்தச் சட்டப் பிரிவு எட்டாது. சரி, நகரத்துக்குள் இருப்பவருக்காவது எட்டுகிறதா? நகரமோ பள்ளிகளால் பெயர் பெற்றது. அவற்றில் பல சிறுபான்மையினர் நிறுவனங்கள், பல விடுதிப் பள்ளிகள். 2012 இல் உச்ச நீதிமன்றம், உதவி பெறாத சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்றது. விடுதிப் பள்ளிகள் இதன் வரம்புக்கு வெளியே என்பதும் அந்த வழக்கிலேயே பேசப்பட்டது. 2014 இல் பிரமதி வழக்கில் உதவி பெறும் சிறுபான்மைப் பள்ளிகளுக்கும் விலக்கு விரிந்தது. அந்தத் தீர்ப்பு சரிதானா என்ற ஐயத்தை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு ஒன்று எழுப்பி, பெரிய அமர்வுக்கு விட்டிருக்கிறது. சிறுபான்மையினர் தம் விருப்பப்படி பள்ளி நடத்தும் உரிமையை நான் மதிக்கிறேன். ஆனாலும் உண்மை நிலை என்ன? உலகெங்கிலுமிருந்து பெற்றோர் தேடி வருகிற ஊரில், அந்தப் பள்ளிகளின் சுற்றுச்சுவருக்கு வெளியே ஓட்டு வீட்டில் வசிக்கும் பெற்றோருக்குச் சட்டம் கொடுத்த தேர்வு மிகக் குறுகிப் போய்விடுகிறது.

அந்தக் குறுகிய வழியும் நிலையாக இல்லை. தேசியக் கல்விக் கொள்கையையும் பி.எம். ஸ்ரீ பள்ளிகளையும் ஏற்பது பற்றிய தகராறில், ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2024-25 க்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்தி வைத்தது. அதன் விளைவாக 2025 இல், கோடையில் தொடங்க வேண்டிய 25 விழுக்காட்டுச் சேர்க்கை வழக்குக்குப் பின் அக்டோபரில்தான் தொடங்கியது. நான்கு மாதம் ஒரு பிள்ளையை வீட்டில் உட்கார வைக்க முடியுமா? பல பெற்றோர் கடன் வாங்கிக் கட்டணம் கட்டினார்கள். அரசு பணம் மட்டும் தரட்டும் என்கிறவர்கள் அந்த ஆண்டின் அனுபவத்தை மறக்கக் கூடாது. அரசே நடத்தும் பள்ளியின் கதவு அந்த ஜூனிலும் திறந்தே இருந்தது.

அந்தக் கதவு திறந்திருந்தால் போதுமா என்று கேட்பீர்கள். போதாது. கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர் பக்கம் காப்பித் தோட்டங்களில் வேலை செய்யும் குடும்பங்களோடு பேசியிருக்கிறேன். இலங்கை மலையகத்திலிருந்து சாஸ்திரி - சிரிமாவோ ஒப்பந்தத்தின்படி திரும்பி வந்து இந்த மலையில் தங்கிய குடும்பங்கள் சிலவற்றோடும் பேசியிருக்கிறேன். எந்தப் பள்ளி வேண்டும் என்று கேட்டால் அவர்கள் பெரிய ஆசை எதையும் சொல்வதில்லை. "வாத்தியார் தினம் வரணும்ங்க" என்கிறார்கள். இங்கிலீஷ் வரணும் என்கிறார்கள். அஞ்சாவது முடிச்சதும் அடுத்து எங்கே அனுப்புறது என்கிறார்கள். வசதி உள்ளவர்கள் பிள்ளையை வத்தலக்குண்டிலோ ஒட்டன்சத்திரத்திலோ விடுதியில் சேர்த்துவிடுகிறார்கள். வசதி இல்லாதவர்கள் நலத்துறை விடுதியைத் தேடுகிறார்கள். அதுவும் வாய்க்காத பெண்பிள்ளை அம்மாவோடு தோட்டத்துக்குப் போகிறாள். பளியர் பழங்குடிக் குடியிருப்புகளிலோ பத்து வயதுப் பிள்ளையை விடுதிக்கு அனுப்புவதே பெரிய துயரம். ஒரு வாரத்தில் ஓடி வந்துவிட்ட பிள்ளையை 'இடைநின்றவர்' என்று பதிவேட்டில் எழுதுகிறோம். 1901 க்கு முன் அமெரிக்கத் தாய்மார் பட்ட பிரிவைத்தான் இவர்களும் படுகிறார்கள். அவர்களுக்கு அது தாங்க முடியாததாகப் பட்டபோது ஊரிலேயே பள்ளி வந்தது. இவர்களுக்கு மட்டும் பிரிவைப் பழகிக்கொள்ளச் சொல்கிறோம்.

ஏன் இப்படி நேர்கிறது என்பதற்கு ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற அறிஞர் 1970 இல் எழுதிய ஒரு நூலில் விளக்கம் இருக்கிறது. நைஜீரியாவின் ரயில்வே ஏன் திருந்தவே இல்லை என்று அவர் ஆராய்ந்தார். ரயில் மோசமாக இருந்தபோது, சத்தம் போட்டுச் சரிசெய்ய வைத்திருக்கக்கூடிய வசதியான வணிகர்கள் சரக்கை லாரிக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கேட்க ஆளில்லாத ரயில் இன்னும் மோசமாயிற்று. விலகுவதும் குரல் கொடுப்பதும் இரண்டும் ஒரு நிறுவனத்தைத் திருத்தும் வழிகள்தான், ஆனால் விலக முடிந்தவர்களே குரல் கொடுக்கவும் வல்லவர்களாக இருந்துவிட்டால் எஞ்சியவர்கள் கதி அதோகதி. ஃபிரீட்மனின் சீட்டு முறையை அவர் விமர்சித்ததும் இந்த இடத்திலிருந்துதான். நம் மலையூரில் ஊராட்சித் தலைவர் வீட்டுப் பிள்ளை, கடைக்காரர் வீட்டுப் பிள்ளை, ஏன், அதே பள்ளியில் வேலை பார்க்கும் ஆசிரியர் வீட்டுப் பிள்ளை எங்கே படிக்கிறது என்று ஊர் ஊராகக் கேட்டுப் பாருங்கள். அவர்களைப் பழிக்க எனக்கு உரிமை இல்லை, அவர்களும் பெற்றோர்தான். ஆனால் அவர்கள் போன பிறகு மழையில் ஒழுகும் வகுப்பறையைப் பற்றிக் கேட்கப் பூண்டு வயல் கூலிக்காரர் மட்டுமே மிஞ்சுகிறார். அன்றைய கூலியை விட்டுவிட்டு அவர் எந்த அலுவலகத்துக்கு வருவார்?

கல்வி உரிமைச் சட்டத்தின் 21 ஆம் பிரிவு இந்தக் குரலுக்கு ஓர் இடம் கொடுத்திருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள். தமிழ்நாட்டில் 2022 இல் இந்தக் குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. 25 விழுக்காட்டைப் பற்றி நடக்கிற விவாதத்தில் பத்தில் ஒரு பங்கு இதைப் பற்றி நடந்திருந்தால் மலைப்பள்ளிகளின் நிலை வேறாக இருந்திருக்கும்.

அரசு என்ன செய்ய வேண்டும்? முதலில், மலைக்குப் பொருந்தும் பள்ளி அளவு. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். சமவெளியில் இது ஒரு கணக்கு. இருபது பிள்ளைகள் ஐந்து வகுப்புகளில் பரவியிருக்கும் மலைப்பள்ளியில், இருவரில் ஒருவர் கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ கீழே போய்விட்டால் மறுநாள் அது ஓராசிரியர் பள்ளி. எண்ணிக்கை குறைவு என்று அந்தப் பள்ளியை மூடுவதைப் பற்றி யாரும் பேசவே கூடாது. காமராசர் காலத்தில், என்.டி. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது, மைல் கணக்கில் பள்ளிகளைத் திறந்தார்கள். பிள்ளை நடக்கும் தூரத்தைத்தான் அந்தக் கணக்கு அளந்தது. மலையில் ஒரு மைலுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு கிடக்கும், மழைக்காலத்தில் ஓடை குறுக்கே நிற்கும், காட்டெருமை நிற்கும். 2010 ஆம் ஆண்டின் மத்திய விதிகளில் ஆறாவது விதி இதை ஏற்கெனவே உணர்ந்திருக்கிறது. நிலச்சரிவு, வெள்ளம், சாலையின்மை என்று ஆபத்து உள்ள இடங்களில் ஒரு கிலோமீட்டர், மூன்று கிலோமீட்டர் என்ற எல்லையைக் குறைத்துப் பள்ளியை அமைக்க வேண்டும், பள்ளியே அமைக்க முடியாத சிறு குடியிருப்புப் பிள்ளைகளுக்கு இலவச வாகனமோ தங்குமிடமோ தர வேண்டும் என்கிறது. காட்டு நிலம் என்று சொல்லித் தட்டிக் கழிக்கவும் வழியில்லை. 2006 ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் 3(2) பிரிவில், கிராம சபை பரிந்துரைத்தால் ஒரு ஹெக்டேருக்குட்பட்ட காட்டு நிலத்தைப் பொதுப் பணிக்குத் தரலாம் என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறது. அந்தப் பட்டியலில் முதலாவதாக நிற்பது பள்ளி. சாலையும் அதில் இருக்கிறது.

ஆசிரியர் தங்க வீடு வேண்டும். இதைச் சிறிய விஷயமாக நினைக்காதீர்கள். மேல்மலையில் வேலை, குடியிருப்பு நகரத்தில் என்றால், ஆசிரியரின் பள்ளி நேரத்தைப் பேருந்துதான் தீர்மானிக்கும். பள்ளிக்கு அருகே சூடான நீர் வருகிற, கூரை ஒழுகாத இரண்டு வீடுகளை அரசு கட்டிக் கொடுத்தால், எந்தப் போட்டிச் சந்தையும் தராத பலனை அது தரும். காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தபோது மலைப்பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய ஆதரவாயிற்று என்பதைச் சமையல் செய்கிற பெண்களைக் கேட்டால் தெரியும். பனியில் நடந்து வந்த பிள்ளைக்குக் காலையில் சூடாக ஒரு வாய் உப்புமா கிடைக்கிறது. அரசுப் பள்ளியைப் பெற்றோர் விரும்பித் தேர்ந்தெடுக்கக் காரணங்கள் இப்படித்தான் ஒவ்வொன்றாகச் சேர வேண்டும். 2019 இல் 2,381 அங்கன்வாடிகளில் மழலையர் வகுப்பு தொடங்கியதும் அப்படிப்பட்ட ஒன்று. மலையூர்களில் அது இல்லாத அங்கன்வாடிகள் ஏராளம்.

தனியார் பள்ளியை ஒழிக்க வேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன். மலையில் யாராவது நல்ல பள்ளி நடத்த முன்வந்தால், 1991-92 இல் மூடிய மானியக் கதவை மலைப்பகுதிக்கு மட்டுமாவது திறக்கலாம் என்பதுகூட என் கருத்து. அது பெற்றோருக்கு உண்மையான இரண்டாவது பள்ளியைத் தரும். அதற்கு முன்பு முதல் பள்ளியை, நடந்துபோகிற தூரத்தில், தினம் ஆசிரியர் வருகிற பள்ளியாக, அரசு தானே நடத்தியாக வேண்டும். அந்தக் கடமையைப் பணமாக மாற்றி வேறு யார் கையிலும் கொடுத்துவிட முடியாது.

இங்கே வந்திருக்கும் மேலாண்மைக் குழுத் தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறாம் வகுப்புக்கு எங்கே போகிறார்கள், எப்படிப் போகிறார்கள், காலைப் பேருந்து பள்ளி மணிக்கு முன் சேர்கிறதா, மாலைப் பேருந்து இருட்டுவதற்குள் ஊருக்குத் திரும்புகிறதா என்று அடுத்த கூட்டத்தில் தீர்மானமாக எழுதுங்கள். ஒரு படி வட்டாரக் கல்வி அலுவலருக்கு, ஒரு படி அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் திண்டுக்கல் அலுவலகத்துக்கு, ஒரு படி மாவட்ட ஆட்சியருக்கு. பேருந்து நேரத்தைக் கல்வித் துறை மாற்ற முடியாது, பள்ளி நேரத்தைப் போக்குவரத்துத் துறை மாற்ற முடியாது. இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைக்கக் கூடியவர் ஆட்சியர் ஒருவரே. ஜூனில் பள்ளி திறப்பதற்கு முன், மே மாதத்திலேயே, அந்தக் கூட்டத்தைக் கொடைக்கானலில் நடத்தச் சொல்லிக் கேளுங்கள். உங்களில் நாலு பேர் அதில் உட்காருங்கள். அன்றைய கூலி உங்களுக்கு நட்டமாகாமல் பார்த்துக்கொள்ள இந்த அறக்கட்டளை முன்வந்தால், இன்று எனக்குச் செய்யும் சிறப்பைவிட அதையே பெரிதாக எண்ணுவேன்.